கூடாரம் பிரிக்காத ஊர்

மும்பையிலிருந்து வரும் ரயில் தாபோடியைத் தாண்டியதும் ஒரு ஆற்றுப் பாலத்தின் மேல் தடதடவென்று ஓடும். கீழே இருப்பது முளா ஆறு. மழைக்காலம் போக மற்ற மாதங்களில் அதை ஆறு என்று ஏற்றுக்கொள்ளப் பார்ப்பவருக்குக் கொஞ்சம் பெருந்தன்மை வேண்டும். பாலம் முடிந்து சில நிமிடங்களில் வரும் நிலையம் கட்கி. நெடுந்தூர ரயில்களில் பெரும்பாலானவை அங்கே நிற்பதில்லை. புனே வரப்போகிறது என்று பயணிகள் பெட்டிகளைக் கீழே இறக்கி வைத்துக்கொள்ளும் நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே நகர்ந்துபோகும் பெயர்ப் பலகை அது.

தமிழ்நாட்டில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிப் பழகிய ஊர்களில் இந்தப் பெயரைத் தெரியாதவர்கள் குறைவு. அவர்கள் கட்கி என்று சொல்லமாட்டார்கள், 'கிர்க்கி' என்பார்கள். வெள்ளைக்காரன் வாயில் நுழைந்தது அப்படித்தான். வேலூர்ப் பக்கத்து ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தால் அம்பாலா, ஜான்சி, செகந்திராபாத் என்று அவர் அடுக்கும் வரிசையில் கிர்க்கியும் இருக்கும். அங்கே எத்தனை வருஷம், எந்த யூனிட், பக்கத்து குவார்ட்டர்ஸில் யார் என்பதெல்லாம் நினைவிருக்கும். அது ஒரு ஆற்றங்கரை ஊர் என்பது மட்டும் ஞாபகத்தில் இருக்காது.

மராத்தியில் 'கடக்' என்றால் பாறை. ஊரின் பெயருக்கு அதுதான் வேர் என்பார்கள். தக்காணத்தில் பாறைக்குப் பஞ்சமில்லை, அதனால் கட்கிகளுக்கும் பஞ்சமில்லை. 1610-ல் மாலிக் அம்பர் நிறுவிய ஊருக்கும் கட்கி என்றுதான் பெயர். பிறகு அது அவுரங்காபாத் ஆகி, இப்போது சத்ரபதி சம்பாஜிநகர் ஆகியிருக்கிறது. நம்முடைய கட்கி பெயர் மாற்றத்துக்குத் தப்பியது. தமிழ் படித்தவர்களுக்கு இந்தப் பெயரைத் தமிழ் எழுத்தில் பார்த்ததும் 'கட்கம்', அதாவது வாள், நினைவுக்கு வரும். இலக்கணப்படி கட்கி என்றால் வாளேந்தியவன். சொல்லாராய்ச்சியாக இது செல்லாது. ஆனால் ஊருக்குப் பொருத்தமான தப்பு.

வாள் அங்கே உருவப்பட்டது 1817 நவம்பர் 5, மாலை நேரத்தில். கடைசிப் பேஷ்வாவான இரண்டாம் பாஜிராவ் 1802 டிசம்பரில் வசாய் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டு, கம்பெனியின் பாதுகாப்பில் வாழ ஒப்புக்கொண்டவர். பதினைந்து வருடங்களில் அந்தப் பாதுகாப்பு கழுத்தை இறுக்க ஆரம்பித்தது. புனேயில் கம்பெனியின் ரெசிடெண்ட் எல்ஃபின்ஸ்டன். அவர் தங்கியிருந்தது முளாவும் முட்டாவும் சேரும் 'சங்கம்' என்ற இடத்தில். தமிழனுக்கு அந்தச் சொல் புலவர்களை நினைவூட்டும். இங்கே வெறும் கூடல்தான். சண்டை நெருங்குகிறது என்று தெரிந்ததும் எல்ஃபின்ஸ்டன் நவம்பர் முதல் தேதி தன் படையை நகரத்தின் ஓரத்திலிருந்து கிளப்பி, வடக்கே நாலைந்து கிலோமீட்டர் தள்ளிக் கட்கி கிராமத்துக்கு அனுப்பினார். காரணம் எளிது. ஆறு அங்கே வளைந்து ஓடுகிறது. முதுகுக்குப் பின்னால் தண்ணீர் இருந்தால் எதிரி ஒரு பக்கமாகத்தான் வர முடியும். இப்படித்தான் பாறைக் கிராமம் ஒன்று பாசறை ஆயிற்று.

ஐந்தாம் தேதி மராத்தியக் குதிரைப்படை நகரைவிட்டுப் புறப்பட்டதும் எல்ஃபின்ஸ்டன் சங்கத்திலிருந்து வெளியேறினார். முளாவை இறங்கிக் கடந்து, ஆற்றையே நடுவில் வேலியாக வைத்துக்கொண்டு, மறுகரையோடு கட்கிப் பாலம்வரை போனார். அவர் போன கையோடு ரெசிடென்ஸி தீக்கிரையானது. அவருடைய புத்தகங்களும் கையெழுத்துப் பிரதிகளும் அதோடு போயின. பின்னாளில் இந்திய வரலாறு எழுதப்போகிறவரின் நூலகம் அது.

கம்பெனியிடம் ஏறத்தாழ 2,800 பேர். பேஷ்வா தரப்பில் அதைப் போலப் பத்து மடங்கு என்பது பொதுவான கணக்கு. தளபதி பாபு கோகலே. பேஷ்வா பர்வதி குன்றின் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் போரின் விவரங்களில் பெரும்பகுதி நமக்குக் கிடைப்பது ஜேம்ஸ் கிராண்ட் டஃப் 1826-ல் வெளியிட்ட மராத்தியர் வரலாற்றிலிருந்து. அவர் அன்று அங்கே இருந்தவர். வென்ற தரப்பின் ஆள் என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். ஆனாலும் அவர் சொல்லும் ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் கட்கியைத் தாண்டிப்போக முடியாது.

ஆற்றின் அக்கரையில் தாபோடியில் ஒரு படைப்பிரிவு இருந்தது. சம்பளம் பேஷ்வாவின் கஜானாவிலிருந்து. அதிகாரி ஃபோர்டு என்கிற ஆங்கிலேயர். பேஷ்வாவின் சர்தார்களில் ஒருவரான மோரோ தீட்சித், ஃபோர்டின் நெடுநாள் நண்பர். போர் வரப்போவதை உணர்ந்த இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்: எந்தப் பக்கம் ஜெயித்தாலும், ஜெயித்த பக்கத்துக்காரன் மற்றவனையும் அவன் குடும்பத்தையும் காப்பாற்ற வேண்டும். நவம்பர் 5 அன்று ஃபோர்டின் பிரிவு ஆற்றைத் தாண்டி வந்து கம்பெனிப் படையோடு சேர்ந்துகொண்டது. மோரோ தீட்சித் ஜரிப்பட்டா என்ற பேஷ்வாவின் கொடியோடு குதிரைப்படையில் வந்தார். கம்பெனி அணியின் இடது பக்கத்துக்கு முன்னால் ஒரு சதுப்பு இருந்தது. பாய்ந்து வந்த குதிரைகள் அதில் சிக்கின. தாக்குதல் அங்கேயே குலைந்தது. அந்தக் களத்தில் தீட்சித் இறந்தார். அவரைக் கொன்ற குண்டு ஃபோர்டின் பிரிவிலிருந்த பீரங்கியிலிருந்து வந்தது என்று எழுதுகிறார் கிராண்ட் டஃப்.

இருட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கம்பெனியின் பக்கம் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் சேர்த்து நூறுபேர்கூட இல்லை. நவம்பர் 17-ல் புனே நகரம் கைமாறியது. அதற்கடுத்த புத்தாண்டு நாளில் கோரேகாவில் நடந்த சண்டையை எல்லோரும் அறிவார்கள். அங்கே இரண்டு பீரங்கிகளோடு போய் மாட்டிக்கொண்டவர்கள் மதராஸ் பீரங்கிப் படையினர் என்பது தமிழ்நாட்டில் அதிகம் பேசப்படுவதில்லை. 1818 பிப்ரவரியில் அஷ்டியில் பாபு கோகலே இறந்தார். ஜூனில் பேஷ்வா ஜான் மால்கமிடம் சரணடைந்தார்.

ஆற்றங்கரையில் ராஜ்ஜியத்தை விட்டவருக்குக் கம்பெனி இன்னொரு ஆற்றங்கரையைக் கொடுத்தது: கான்பூருக்குப் பக்கத்தில் கங்கைமேல் பித்தூர். வருடத்துக்கு எட்டு லட்சம் ரூபாய் ஓய்வூதியம். பாஜிராவ் அங்கே 1851 வரை வாழ்ந்தார். அவருடைய தத்துப் பிள்ளை நானா சாகேப், பக்கத்திலேயே வளர்ந்த மணிகர்ணிகா என்கிற ஜான்சி லட்சுமிபாய், தாத்யா தோபே ஆகிய மூவருக்கும் பித்தூர் எவ்வளவு சொந்தமோ அவ்வளவு கட்கியும் சம்பந்தப்பட்டது. அந்த மாலை வேறுமாதிரி முடிந்திருந்தால் அவர்கள் கங்கைக்கரையில் இருந்திருக்கவே காரணமில்லை. ஃபோர்டு தாபோடியில் கட்டிய பங்களாவை என்ன செய்தார்கள்? 1828-ல் பம்பாய் கவர்னர் அதை வாங்கித் தன் மாளிகையாக்கிக்கொண்டார். கவர்னர், பேஷ்வா யாரிடம் சரணடைந்தாரோ அதே மால்கம்.

போர் முடிந்த பிறகு படை போயிருக்க வேண்டும். போகவில்லை. இங்கேதான் மொழிபெயர்ப்பாளனுக்குச் சங்கடம் ஆரம்பிக்கிறது. 'கண்டோன்மென்ட்' என்பதற்குத் தமிழில் என்ன எழுதுவது? 'பாசறை' அழகான சொல். முல்லைப்பாட்டைப் படித்தவர்களுக்குக் காட்டாற்றங்கரையில் கூடாரம் அடித்து நடுவே அரசன் தூக்கமின்றி இருக்கும் காட்சி மனதில் வரும். ஆனால் பாசறைக்கு ஒரு முடிவு உண்டு. போர் முடிந்தால் தலைவன் தேரைப் பூட்டி வீடு திரும்பியாக வேண்டும். காத்திருக்கும் தலைவிக்கு அது உரிமை. 'படைக் குடியிருப்பு' என்று அரசாங்கக் குறிப்புகளில் வருகிறது. அதில் உயிர் இல்லை. எனக்குத் தோன்றும் சரியான சொல் 'பாளையம்'. படை இறங்கிய இடம், பிறகு கடைவீதி வந்து, கோயில் வந்து, பெயரோடு ஒட்டிக்கொண்டு ஊராகிவிடும் இடம். ராஜபாளையத்திலும் மேட்டுப்பாளையத்திலும் இன்று யாரும் படையைத் தேடுவதில்லை. கட்கிப் பாளையம் இரண்டு நூற்றாண்டு கடந்தும் அந்தக் கடைசிப் படியை ஏறவில்லை. இன்னும் கூடாரம் பிரிக்காத படையும், ஏறத்தாழ 70 ஆயிரம் மக்கள் வாழும் ஊரும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

ஊர் எப்படி வளர்ந்தது என்பதை அதன் வேலை இடங்களே சொல்லும். 1858-ல் கண்டாலாவிலிருந்து புனேவுக்கு ரயில் பாதை கட்கி வழியாக வந்தது. 1869-ல் வெடிமருந்துத் தோட்டா தொழிற்சாலை. பம்பாய் சாப்பர்கள் என்னும் பொறியியல் படையின் தலைமையகம் அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே நிலைகொண்டது. (சென்னைப் பெயரைத் தாங்கிய சாப்பர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள். ராணுவத்தில் அவர்களுக்குச் செல்லப் பெயர் 'தம்பி'.) இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் 1940-ல் உயர்வெடிபொருள் தொழிற்சாலை. பீரங்கி வண்டிகளையும் டாங்கிகளையும் பழுது பார்க்கும் ராணுவப் பணிமனை. துப்பாக்கி சுடும் பயிற்சி நடந்த குன்றுகளுக்கு ரேஞ்ச் ஹில்ஸ் என்று பெயர் வந்து, இப்போது அது ஒரு குடியிருப்புப் பகுதி. தொழிற்சாலைகளுக்கு மெஷினிஸ்டாகவும் ஃபிட்டராகவும் கிளார்க்காகவும் தெற்கிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் அங்கே இரண்டு மூன்று தலைமுறையாக வாழ்கின்றன. வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, தொழிற்சாலையில் ஒரு மாதிரி இந்தி. மூன்றும் ஒரே வாக்கியத்தில் வருவதும் உண்டு.

தமிழ் விவசாயிக்குக் கட்கியோடு வேறொரு உறவும் இருக்கிறது. அவருக்கே அது தெரியாது. மின்சாரம் எட்டாத காலத்தில் கிணற்று மேட்டில் 'டுக் டுக்'கென்று அடித்துக்கொண்டிருந்த டீசல் எஞ்சினை 'ஆயில் எஞ்சின்' என்போம். அதன் மேல் கிர்லோஸ்கர் என்று எழுதியிருந்தால், அந்த நிறுவனம் 1946-ல் தொடங்கப்பட்டது கட்கியில்தான். கொங்கு நாட்டில் எத்தனை தோட்டங்களுக்கு அது தண்ணீர் இறைத்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். தண்ணீர் இறைக்கும் எஞ்சின் செய்த ஊரின் ஆற்றில் தண்ணீர் இல்லாமல் போன கதைக்குப் பிறகு வருகிறேன்.

படை தங்கிய ஊரில் போரின் பாக்கிகளும் வந்து சேரும். கட்கி போர்க் கல்லறையில் இரண்டாம் உலகப் போரில் மாண்ட காமன்வெல்த் படையினர் 1,668 பேருக்குக் கல் இருக்கிறது. புல் சீராக வெட்டப்பட்டு, ஒரே அளவான வெள்ளைக் கற்கள் வரிசையில் நிற்கின்றன. அவர்களில் பெரும்பாலோர் கட்கியில் இறந்தவர்கள் அல்ல. மேற்கு, மத்திய இந்தியாவில் பராமரிக்க ஆளில்லாத கல்லறைகளிலிருந்து எடுத்துவந்து இங்கே சேர்த்தார்கள். 1962-ல் பம்பாயின் சிவ்ரி கல்லறையிலிருந்து முதல் உலகப் போர்க்காலத்து 629 பேரின் எச்சங்கள் வந்தன. ராணுவ ஊரில் செத்தவர்களும் மாற்றலாகித்தான் வருகிறார்கள்.

சாகாமல் திரும்பியவர்களுக்கும் இடம் உண்டு. 1917-ல் பம்பாயில் தொடங்கிப் பிறகு கட்கிக்கு வந்த குயின் மேரி தொழிற்பயிற்சி நிலையம், கை கால் இழந்த சிப்பாய்களுக்குத் தொழில் கற்றுத்தரும் இடம். முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்களுக்கு 1974-ல் மறுவாழ்வு மையம் வந்தது. சக்கர நாற்காலிக் கூடைப்பந்தும், வாயில் தூரிகை பிடித்து ஓவியமும் அங்கே அன்றாடம். கட்கியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். நாட்டின் தலைநகரில் அணிவகுப்பைப் பார்க்கிறவர்கள் ஒரு முறையாவது இங்கே வந்து போகலாம்.

இனி ஊர்க்காரர்களின் விஷயம். கண்டோன்மென்ட்டில் வாழ்வது என்றால் என்ன என்பதைச் சென்னையில் பல்லாவரம்-பரங்கிமலைவாசிகளுக்கும், நீலகிரியில் வெலிங்டன்காரர்களுக்கும் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு விளக்கம். இங்குள்ள பழைய பங்களாக்கள் பல 'ஓல்ட் கிராண்ட்' வகை. கம்பெனி காலத்து 1836-ஆம் வருட உத்தரவிலிருந்து வரும் ஏற்பாடு. கட்டடம் உங்களுடையது, அடியிலிருக்கும் மண் அரசாங்கத்துடையது. அரசாங்கம் நினைத்தால் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து, அனுமதி பெற்றுக் கட்டிய சுவருக்கும் கூரைக்கும் விலை கொடுத்து, மண்ணைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கடைவீதியில் குத்தகை நிலங்கள் உண்டு. எந்தக் காகிதமும் இல்லாத குடிசைகளும் உண்டு. ஒரு மாடி எழுப்ப வேண்டும், பழைய சுவரை இடித்துக் கட்ட வேண்டும் என்றால் மாநகராட்சியைவிடக் கெடுபிடியான விதிகள். ஊரை நிர்வகிக்கும் போர்டுக்குத் தலைவர் ராணுவ அதிகாரி. உறுப்பினர்களில் பாதிப்பேரை மக்கள் தேர்ந்தெடுக்கலாம் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம்.

அந்தப் பாதியும் நிற்கவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2021 பிப்ரவரியில் முடிந்தது. நாடு முழுவதும் 57 போர்டுகளுக்கு 2023 ஏப்ரல் 30-ல் தேர்தல் என்று அறிவித்தார்கள். மார்ச்சிலேயே அதை ரத்து செய்தார்கள். காரணம், கண்டோன்மென்ட்டுகளின் சிவில் பகுதிகளைப் பிரித்துப் பக்கத்து மாநகராட்சிகளோடு சேர்ப்பது என்று மத்திய அரசு எடுத்த முடிவு. இமாச்சலத்தின் யோல் முதலில் போயிற்று. புனேவைச் சுற்றியுள்ள கண்டோன்மென்ட்டுகளுக்கும் அதே பாதை காட்டப்பட்டது.

ஊரில் இதை வரவேற்கிறவர்கள் உண்டு. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது போர்டுகளின் பழைய வரிவருமானம் சுருங்கியது. அதற்குப் பிறகு மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் சாக்கடையும் நடத்துவதற்கே கை கட்டுப்பட்டது. மாநகராட்சி வந்தால் பணம் வரும், மாடி கட்டலாம், மாநில அரசின் வீட்டுத் திட்டங்கள் கிடைக்கும் என்பது நம்பிக்கை. எதிர்ப்பவர்களும் பெரும்பாலும் அதே தெருக்காரர்கள். மரமும் அகலமான சாலையும் தாழ்ந்த கூரையுமாக ஊர் இத்தனை காலம் தப்பியது ராணுவத்தின் பிடிவாதத்தால்தான், ஒரு மாடிக்கு அனுமதி கொடுத்தால் பதினைந்து மாடிக்கும் கொடுக்க வேண்டிவரும் என்கிறார்கள். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. எனக்குச் சங்கடம் தருவது வேறு. 2024-ல் வந்த வழிகாட்டு நெறிகளைப் படித்தால், குடிமை வசதிகளுக்கான சொத்துகள் இலவசமாக மாநகராட்சிக்குப் போகும். ஆனால் நில உரிமை எங்கெல்லாம் மத்திய அரசுக்கு இருக்கிறதோ அங்கெல்லாம் அது மத்திய அரசிடமே இருக்கும். அதாவது வீட்டு வரி வாங்குகிறவர் மாறுவார், குழாய்த் தண்ணீர் விடுகிறவர் மாறுவார், காலடி மண்ணின் சொந்தக்காரர் மாறமாட்டார். இரண்டு எஜமானர்களுக்கு நடுவே நிற்கப்போகிறவர் முதலில் அந்தக் காகிதமில்லாத குடிசைக்காரர்தான்.

மண் இப்படி என்றால் தண்ணீர் இன்னொரு விதம். முளா சஹ்யாத்ரியில் பிறக்கிறது. சஹ்யாத்ரி மழைக்குக் குறைவில்லாத மலை. பிறகு ஏன் கட்கிக்கு வரும்போது ஆறு மெலிந்துவிடுகிறது? விடை முள்ஷியில் இருக்கிறது. பம்பாயின் ஆலைகளுக்கு மின்சாரம் எடுப்பதற்காக டாட்டா நிறுவனம் 1920-களில் முளாவின் குறுக்கே அங்கே அணை கட்டியது. நிலம் பறிபோன மாவள் பகுதி விவசாயிகள் 1921-ல் சத்தியாக்கிரகத்தில் இறங்கினார்கள். பாண்டுரங்க மகாதேவ் பாபட் தலைமை ஏற்றார். 'சேனாபதி' பாபட் என்று அவரை மகாராஷ்டிரம் அழைப்பது அதனால்தான். அணையால் இடம்பெயர்ந்தவர்களின் போராட்டம் என்று இன்று நாம் சொல்வதற்கு இந்தியாவில் முன்னோடி அது. தோற்றுப்போனது. கிழக்கே ஓடி வங்கக் கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர் குழாய் வழியே மலைக்கு மேற்கே இறங்கி, பீராவில் சுழலிகளைச் சுற்றிவிட்டு, குண்டலிகா நதி வழியாக அரபிக் கடலில் கலக்கிறது. பொறியாளர்களுக்கு இது அற்புதம். கட்கிக்கு மிஞ்சுவது அணைக்குக் கீழே விழும் மழையும், வழியிலுள்ள ஊர்கள் விடும் கழிவும்.

வழியில் ஊர்கள் பெருத்துவிட்டன. தாபோடியில் முளாவோடு சேரும் பவனாவும் பிம்ப்ரி-சிஞ்ச்வாட் தொழில் நகரத்தின் ஊடே வருகிற ஆறுதான். சுத்திகரிப்பு நிலையங்களுக்காக 2016-ல் ஜப்பான் கடனோடு 990 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது. அதன் வேலை நகர்வதற்குள் நதிக்கரையை அழகுபடுத்தும் திட்டம் அதை முந்திக்கொண்டது: 44 கிலோமீட்டர் நீளத்துக்கு நடைபாதையும் கரைச்சுவரும். 2022 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2023-ல் மரங்களைக் காப்பாற்றப் புனேவாசிகள் ஊர்வலம் போனார்கள். கரைக்குக் கல் பதிப்பதற்கு முன்னால் தண்ணீரைச் சுத்தம் செய்யுங்கள் என்று அவர்கள் கேட்டது அநியாயமான கோரிக்கை அல்ல. கட்கிப் பக்கத்துக் கரையில் பெரும்பகுதி ராணுவ வேலிக்குள் இருப்பதால், சாதாரண ஆள் ஆற்றைப் பாலத்திலிருந்து பார்ப்பதோடு சரி.

இது புனேக்காரர்கள் கவலை என்று நாம் இருந்துவிட முடியாது. முளா முட்டாவோடு சேர்ந்து பீமாவில் விழுகிறது. பீமா உஜனி அணையில் தேங்கி, சோலாப்பூர்க்காரர்களுக்குக் குடிநீராகி, பிறகு கர்நாடகத்தில் கிருஷ்ணாவோடு கலக்கிறது. கிருஷ்ணா ஸ்ரீசைலம் போகிறது. அங்கிருந்து தெலுங்கு கங்கைக் கால்வாய் வழியே கண்டலேறு, பூண்டி. 1996-ல் அந்தத் தண்ணீர் முதன்முதலாகப் பூண்டிக்கு வந்தபோது சென்னை எவ்வளவு சந்தோஷப்பட்டது என்பது பலருக்கு ஞாபகம் இருக்கும். வழியில் எத்தனையோ அணைகளும் ஆறுகளும் இருப்பதால், கட்கிப் பாலத்தின் கீழே போகும் அழுக்கு நேரே நம் சொம்பில் விழுகிறது என்று பயமுறுத்த நான் தயாரில்லை. ஒரே ஆற்றுக் குடும்பம் என்று மட்டும் சொல்கிறேன்.

இத்தனைக்கும் நடுவில் கட்கியில் துடுப்புப் போடக் கற்றுக்கொள்கிறார்கள். நாசிக் மாவட்டத்தில் வறட்சிக்குப் பேர்போன தளேகாவ் ரோஹி கிராமத்தில், அப்பாவோடு கிணறு வெட்டும் கூலி வேலை செய்த தத்து போகனள் 2012-ல் கட்கியில் பம்பாய் சாப்பர்களின் படையில் சேர்ந்தார். ஆளின் உயரத்தைப் பார்த்துப் படகோட்டப் பழக்கினார்கள். 2016-ல் ரியோ ஒலிம்பிக்ஸில் ஒற்றையர் படகுப் போட்டியில் 13-வது இடம் பிடித்தார். 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் நால்வர் படகில் தங்கம். தண்ணீரே இல்லாத ஊரிலிருந்து வந்தவர். ராணுவத்தின் படகுப் பயிற்சி மையம் ஆற்றுக்கு அக்கரையில், தாபோடியில் ராணுவப் பொறியியல் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. பந்தயத்துக்கென்றே அமைத்த நீர்த்தடம், தண்ணீர் அசையாமல் நிற்கிறது, தூரம் மீட்டர் கணக்கில் குறிக்கப்பட்டிருக்கிறது. வேலிக்கு இந்தப் பக்கம் முளாவில், கோடை வந்தால், ஆகாயத்தாமரை ஒரு கரையிலிருந்து மறு கரைவரை மூடிக்கொள்கிறது.